எல்லைச் சாலையில் பஸ் உத்தியோகம்

அகஸ்தியர் மலையின் அடிவாரத்தில், நெய்யாறு அணைத் தேக்கத்தை அடுத்து, கேரளத்தின் தென்கோடியில் தமிழகத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் அம்பூரியிலிருந்து வெள்ளறடை வரை இறங்கி, அங்கிருந்து நெய்யாற்றின்கரைக்கோ, பாறசாலைக்கோ, பனச்சமூடு, அருமனை மார்க்கமாக மார்த்தாண்டத்துக்கோ போகிறவர்கள், ஒரே மாதிரியான ரப்பர் தோட்டங்களின் ஊடே ஒரே மாதிரியான வளைவுகளில், இரு வேறு அரசுகளின் பஸ்களில் பிரயாணம் செய்கிறார்கள். கேரளத்து வண்டியில் நடத்துநர் கயிற்றை இழுத்து மணி அடிக்கிறார். தமிழகத்து வண்டியில் விசில் ஊதுகிறார். பிரயாணியின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற வித்தியாசம் அநேகமாக இவ்வளவே. ஆனால் அந்த மணியை அடிப்பவரும் விசிலை ஊதுபவரும் எவ்விதம் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வண்டியில் கழிக்கிறார்கள், மாத முடிவில் அவர்கள் கைக்கு வருவது நிலையான சம்பளமா, நாட்கூலியா, வசூலின் ஒரு பங்கா என்னும் விஷயங்களை விசாரிக்கப் புகுந்தால், எல்லைக் கல்லைவிட ஆழமாக ஊன்றப்பட்ட பேதங்கள் பல புலனாகின்றன. சம்பளம் எவ்வளவு என்பதைவிட அது எந்த உருவில் தரப்படுகிறது என்பதே பிரயாணிகளின் உயிர்ப் பாதுகாப்பை அதிகமாகத் தீர்மானிக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதற்கான ஆதாரங்கள் தூரதேசங்களில் மட்டுமன்றி, இந்தச் சாலையோரத்து டிப்போக்களிலேயே கிடைக்கின்றன.

இந்த உத்தியோகத்துக்கு இப்பகுதியில் கௌரவமான ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானம் தன் சொந்தப் பொறுப்பில் பஸ் விடத் தீர்மானித்தபோது, லண்டன் பிரயாணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்னும் ஆங்கிலேயரை வரவழைத்து, புதிய இலாகாவின் சூப்பிரண்டாக நியமித்தது. இறக்குமதி செய்யப்பட்ட அடிச்சட்டங்களின் மீது, அவருடைய மேற்பார்வையில் இலாகாவின் தொழிலாளர்களே கூடுகளைக் கட்டினார்கள். 1938 பிப்ரவரி 20ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா அந்தச் சேவையைத் தொடங்கிவைத்தார். 33 பஸ்கள் அன்று திருவனந்தபுரத்தில் அணிவகுத்தன. மறுநாளே கன்னியாகுமரிக்கு வண்டி புறப்பட்டது. அதாவது இன்று இரண்டு மாநிலங்களுக்கு உரியதாய்விட்ட இந்தத் தெற்குச் சாலைதான் அந்த இலாகாவின் முதல் நெடுந்தூரத் தடம். கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். அந்த ஆரம்ப நாட்களில் ஏறத்தாழ 100 பட்டதாரிகள் இன்ஸ்பெக்டர்களாகவும் நடத்துநர்களாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்னும் செய்தியை இன்றைய வாசகர் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். பட்டம் பெற்றவர்கள் ஒருசிலரே இருந்த காலத்தில், கையில் பயணச்சீட்டுக் கட்டுடன் நிற்கும் வேலைக்குப் பட்டதாரியைத் தேடியது வீண் ஆடம்பரம் என்று நான் கருதவில்லை. சர்க்கார் பணம் அவர் கைவழியே போகிறது. நாற்பது ஐம்பது பேருடைய ஏற்றமும் இறக்கமும் அவர் கொடுக்கும் சமிக்ஞைக்குக் கட்டுப்பட்டிருக்கின்றன. அந்தப் பொறுப்பை அன்றைய நிர்வாகம் உணர்ந்திருந்தது.

1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்த பிறகு, ஒரே இலாகாவின் கீழ் இருந்த சாலை இரண்டு நிர்வாகங்களுக்கு உரியதாயிற்று. வடக்கே, அந்த இலாகா 1965இல் கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகமாக உருமாறியது. முத்திரையில் உள்ள யானைகளால் ஜனங்கள் இன்றும் அதனை ‘ஆனவண்டி’ என்றே அழைக்கிறார்கள். தெற்கே, 1974இல் கட்டபொம்மன் பெயரிலும், பின்பு 1983இல் எல்லைப் போராட்டத்தின் தலைவரான நேசமணியின் பெயரிலும் கழகங்கள் தோன்றின. 1997இல் தலைவர்களின் பெயர்கள் எல்லாக் கழகங்களிலிருந்தும் நீக்கப்பட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் பொதுப் பெயர் வந்தது. களியக்காவிளையில் இரு வண்டிகளும் இன்றும் முகத்துக்கு முகம் நிற்கின்றன.

வேலையில் சேரும் வழியும், சேர்ந்த பின் ஏறும் படிகளும் இரு பக்கத்திலும் ஒன்றல்ல. கேரளத்தில் நிரந்தர ஓட்டுநரையும் நடத்துநரையும் அரசுப் பணியாளர் தேர்வாணையமே தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும் என்பது விதி. நடத்துநராகச் சேர்ந்தவர் ஸ்டேஷன் மாஸ்டர், இன்ஸ்பெக்டர் என்று ஏறலாம்; ஓட்டுநருக்கு வண்டி மேற்பார்வையாளர் என்னும் பதவி உண்டு. தமிழகத்தில் ஆளெடுப்பைக் கழகங்களே நடத்துகின்றன. சமீப காலமாக ஓட்டுநர், நடத்துநர் என்னும் இரு பதவிகளையும் ஒருவரிடமே சேர்த்து, இரண்டு உரிமங்களையும் உடையவரையே தேடுகிறார்கள். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 3,274 இடங்களுக்கு விண்ணப்பம் கோரிய அறிவிப்பு இந்த வகையைச் சேர்ந்தது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, பதினெட்டு மாத அனுபவம், 160 சென்டிமீட்டர் உயரம், 50 கிலோ எடை என்பன அதில் கண்ட நிபந்தனைகள். ஒருவரே இரண்டு வேலைக்கும் தகுதி பெறுவது நிர்வாகத்துக்குச் சௌகரியம் என்பதில் ஐயமில்லை. நெடுந்தூர வண்டியில் இருவர் மாறி மாறி ஸ்டியரிங்கைப் பிடிப்பதால் களைப்பும் குறையும். ஆனால் அம்பூரி போன்ற மலைத்தடத்தில், பள்ளிக்கூட நேரத்து நெரிசலில், படிக்கட்டைக் கவனிக்கத் தனியாக ஒருவர் இல்லாத நாள் வந்துவிட்டால், அந்தச் சௌகரியத்தின் விலையைப் பிள்ளைகள்தான் கொடுப்பார்கள்.

பெண்களின் பிரவேசத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போவது நியாயமன்று. குமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி என்பவர் 1993இல் அரசு பஸ்ஸின் ஓட்டுநராக நியமனம் பெற்று, 2017இல் ஓய்வு பெறும் வரை அந்த வேலையைச் செய்தார். ஆசியாவிலேயே இவர் முதல்வர் என்று அடிக்கடி சொல்லப்படுவதைக் காட்டிலும், கால் நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் கனரக வண்டியை ஓட்டி முடித்தார் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கேரளக் கழகத்தில் முதல் பெண் ஓட்டுநர் வந்தது 2013இல்தான். நடத்துநர் வேலைக்குக் கேரளத்தில் பெண்கள் கணிசமாக வந்துவிட்டார்கள்; ஓட்டுநர் ஆசனத்தில் இரு பக்கமும் அபூர்வம்.

இனி, வேலை நேரத்துக்கு வருவோம். இந்த விசாரணையின் உயிர்நாடி அதுவே. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த, 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொது விதியாக, நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமும் உச்ச வரம்பு என்று விதித்தது. ஐந்து மணி நேரம் வேலை செய்தவருக்கு அரை மணி ஓய்வு தர வேண்டியிருந்தது. ஓய்வும் உட்பட ஒரு நாளின் வேலை 12 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. மிகை நேரத்துக்கு இரட்டிப்பு விகிதத்தில் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. ஐரோப்பிய விதிகளோ நாலரை மணி ஓட்டியதும் முக்கால் மணி ஓய்வைக் கட்டாயமாக்குகின்றன. நம் சட்டம் அவ்வளவு கண்டிப்பாக இருக்கவில்லை என்றாலும் மோசமாகவும் இருக்கவில்லை. அது சாலையில் எப்படிப் பரிணமித்தது என்பதே கேள்வி.

கேரள டிப்போக்களில் நெடுங்காலமாக ‘டபிள் டியூட்டி’ என்னும் வழக்கம் இருந்தது. அதிகாலையில் வண்டியை எடுத்தவர் இரவு வரை ஓட்டி, இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் கணக்கு வைத்துக்கொண்டு, மறுநாள் வீட்டில் இருப்பார். வாரத்தில் மூன்று நாள் வந்தால் வாரக் கணக்கு முடிந்தது. இதைச் சோம்பேறித்தனம் என்று பத்திரிகைகள் எழுதியது உண்டு. சொந்த ஊருக்கும் வேலை பார்க்கும் டிப்போவுக்கும் இடையில் அறுபது எழுபது மைல் இருக்கும் தொழிலாளிக்கு, தினமும் போய்வரும் செலவையும் அலைச்சலையும் மிச்சப்படுத்திய ஏற்பாடு அது என்பதையும், வீட்டில் இருக்கும் அந்த மறுநாள் பலருக்கு ரப்பர் வெட்டும் நாளாகவோ வாழைக்கு மண் அணைக்கும் நாளாகவோ பயன்பட்டது என்பதையும் அறிந்தவர்கள் அவ்வளவு எளிதில் பழிக்கமாட்டார்கள். எனினும், பதினாறு மணி நேரம் விழித்திருந்த ஒருவர், இருட்டில், மழையில், இறக்கத்தில் வண்டியைக் கொண்டுவருவதைப் பாதுகாப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்கு மாற்றாக நிர்வாகம் கொண்டுவந்தது 12 மணி நேர ‘சிங்கிள் டியூட்டி’. எட்டு மணி நேரம் வண்டி ஓட்டுவது. இடையில் கூட்டமற்ற மத்தியான வேளையில் ஓய்வு. ஆக மொத்தம் 12 மணி நேரத்துக்குள் ஒரு டியூட்டி. திருவனந்தபுரம் மாவட்டத்தில் எட்டு டிப்போக்களில் தொடங்குவதாக இருந்த இந்த ஏற்பாடு, அட்டவணைகளைப் பற்றிய ஆட்சேபங்களால் சுருங்கி, 2022 அக்டோபர் 1ஆம் தேதி பாறசாலை டிப்போவில் மட்டும் பரீட்சார்த்தமாக ஆரம்பமாயிற்று. இந்தத் தேதியை அதற்கு முந்திய மாதத்து நிகழ்ச்சிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அவ்வாண்டு ஓணத்தின்போது தொழிலாளர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் கிடந்தது. ஒரு பகுதிக்குப் பதிலாகக் கடைகளில் மாற்றிக்கொள்ளும் கூப்பன் கொடுக்கும் யோசனை கிளம்பி உயர் நீதிமன்றம் வரை சென்றது. கடைசியில் முதலமைச்சர் சங்கங்களோடு பேசியபோது, நிலுவையைத் தீர்ப்பதும் சிங்கிள் டியூட்டியை ஒப்புவதும் ஒரே மேஜையில் முடிந்தன. ஆக, வேலை நேரச் சீர்திருத்தம் என்பது ஓய்வையும் உறக்கத்தையும் பற்றிய சாந்தமான விவாதமாக இல்லாமல், நிறுத்தி வைக்கப்பட்ட சம்பளத்துக்கு எதிரே வைக்கப்பட்ட ஈடாக வந்து சேர்ந்தது. நல்ல சீர்திருத்தத்தையும் சந்தேகத்துக்கு உரியதாக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை.

சிங்கிள் டியூட்டியின் குணமும் குற்றமும் அந்த இடைவேளையில்தான் இருக்கின்றன. காலையில் நாலு மணி நேரமும் மாலையில் நாலு மணி நேரமும் ஓட்டும் ஒருவருக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில், படுக்கக் கட்டிலும் குளிர்ந்த நீரும் சுத்தமான கழிப்பறையும் டிப்போவில் இருந்தால் அது ஓய்வு. இல்லையேல் அது கூலியில்லாத காத்திருப்பு. மலையோரத்து ‘ஸ்டே’ வண்டிகளின் கதியும் இதுவே. இரவின் கடைசி நடையை முடித்து வண்டி கிராமத்திலேயே தங்கி, விடியற்காலையில் முதல் நடையாகப் புறப்படுகிறது. ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிறவர்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் ஓட்டுநரும் நடத்துநரும் அந்த ஐந்தாறு மணி நேரத்தை எங்கே கழித்தார்கள் என்பதை ஊரார் விசாரிப்பதில்லை. உள்ளூர்க்காரர் மனமுவந்து ஓர் அறை கொடுத்தால் அறை. இல்லாவிட்டால் வண்டியின் நீள ஆசனம். 2001 நவம்பரில் மலை சரிந்து பல உயிர்களைப் பலிகொண்ட அம்பூரி போன்ற இடத்தில், துலாமாத மழை கொட்டும் இரவில் அந்த ஆசனத்தில் கிடந்தவர் விடியற்காலை ஐந்து மணிக்கு இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கிறார் என்பதை அட்டவணை தயாரிக்கும் அதிகாரி நினைவில் வைக்க வேண்டும்.

சம்பளத்தின் தொகையைப் பார்த்தால் நிலையான ஊழியருடைய கதை அவ்வளவு இருண்டதன்று. 2011க்குப் பின் நீண்ட காலம் திருத்தப்படாமல் கிடந்த கேரளக் கழகத்தின் சம்பள விகிதம், 2022 ஜனவரி ஒப்பந்தத்தில், கடைநிலை அடிப்படைச் சம்பளம் 8,730 ரூபாயிலிருந்து 23,000 ரூபாயாக உயரும்படி மாற்றப்பட்டது. ஆனால் காகிதத்தில் உயர்ந்த சம்பளம் கைக்கு வரும் தேதி நிச்சயமில்லாமல் போயிற்று. பல மாதங்கள் தாமதமாகவும், பின்னர் இரண்டு தவணையாகவும் கிடைத்து, 2025ஆம் ஆண்டில்தான் முதல் தேதியன்று முழுச் சம்பளம் என்னும் நிலை திரும்பிற்று. மாதக் கடைசியில் வட்டிக்கு வாங்கியவன் மிகை டியூட்டிக்கு ஓடுவான். மிகை டியூட்டிக்கு ஓடுகிறவன் உறக்கத்தை விற்கிறான். ஆகையால் சம்பளத்தைக் குறித்த தேதியில் கொடுப்பதையும் நான் பாதுகாப்புச் சாதனங்களுள் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

இதே ஸ்தாபனத்தின் நிழலில் வேறு இரண்டு வகைத் தொழிலாளர்கள் வளர்ந்தார்கள். ‘எம்பானல்’ என்று அழைக்கப்பட்ட தினக்கூலி நடத்துநர்கள் ஆண்டுக்கணக்கில் வேலை செய்துவந்த நிலையில், தேர்வாணையப் பட்டியலில் இடம் பெற்றவர்கள் நீதிமன்றத்தை நாடியதன் விளைவாக, 2018 டிசம்பரில் 3,861 பேர் ஒரேயடியாக வெளியேற்றப்பட்டார்கள். சட்டப்படி தீர்ப்புச் சரியே. பட்டியலில் காத்திருந்தவர்களின் உரிமையும் உரிமைதான். ஆயினும், நிரந்தர இடங்களைத் தற்காலிகத்தால் நிரப்பிவைத்த நிர்வாகத்தின் சிக்கனத்தால், இரு தரப்பு ஏழைகளும் ஒருவரையொருவர் விரோதிகளாகப் பார்க்கும்படி நேர்ந்தது வருத்தத்துக்கு உரியது. பின்பு, நெடுந்தூர வண்டிகளுக்கென்று ‘ஸ்விஃப்ட்’ என்னும் தனிக் கம்பெனி 2022 ஏப்ரலில் ஓட ஆரம்பித்தது. அதன் ஓட்டுநர்-நடத்துநர்களுக்குத் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட ஊதியம் 8 மணி நேர டியூட்டிக்கு 715 ரூபாய். அதற்கு மேல் மணிக்கு 130 ரூபாய். மாதத்தில் 26 நாள் வேலை கிடைத்தால் 18,590 ரூபாய் என்று கணக்கு வருகிறது. 715ஐ எட்டால் வகுத்தால் மணிக்குத் தொண்ணூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சட்டம் சொன்ன இரட்டிப்பு விகிதத்தோடு 130ஐ ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை வாசகருக்கே விட்டுவிடுகிறேன். புதிய வண்டியையும் நெடுந்தூரத் தடத்தையும் குறைந்த ஊதியக்காரரிடமும், பழைய வண்டியையும் குறுந்தடத்தையும் அனுபவம் மிக்க நிரந்தர ஊழியரிடமும் ஒப்படைத்ததில் என்ன தர்க்கம் இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

ஒரே ஸ்டியரிங்குக்கு இரண்டு விலை வைப்பது செல்வ நாடுகளிலும் நடந்திருக்கிறது. சிங்கப்பூரில் 2012 நவம்பரில் சீன தேசத்திலிருந்து வந்த பஸ் ஓட்டுநர்கள் 171 பேர் வேலைக்குப் போக மறுத்தார்கள். மலேசிய ஓட்டுநருக்கு மாதம் 1,400 வெள்ளியும் தங்களுக்கு 1,075 வெள்ளியும் தரப்படுகின்றன என்பது அவர்களுடைய முறையீடுகளுள் முக்கியமானது. அனுமதியற்ற வேலைநிறுத்தம் என்று அரசு தண்டித்தது; ஆனாலும் அந்நகரத்தில் பஸ் ஓட்டுநர்களின் சம்பளத்தையும் தங்குமிடத்தையும் பற்றிய பேச்சு அதன் பிறகு முன்போல் இல்லை.

தமிழகத்துப் பக்கத்தில், சங்கங்களும் கழகங்களும் செய்துகொள்ளும் முத்தரப்பு ஒப்பந்தமே சம்பளத்தை நிர்ணயிக்கிறது. அடிப்படையை 2.57ஆல் பெருக்க வேண்டும் என்று சங்கங்களும் 2.44ஆல்தான் பெருக்குவோம் என்று அரசும் பிடிவாதமாக நின்றதால், 2018 பொங்கலுக்குச் சற்று முன் ஒரு வார காலம் பஸ்கள் நின்றன. 2022 ஆகஸ்டில் கையெழுத்தான 14ஆவது ஒப்பந்தம் 5 சதவீதமும், 2025 மே மாதத்தின் 15ஆவது ஒப்பந்தம் 6 சதவீதமும் உயர்வு தந்தன. ஓய்வு பெற்றவர்களின் அகவிலைப்படி நெடுங்காலம் நிலுவையில் கிடந்ததும், 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்பதும், 2024 ஜனவரி வேலைநிறுத்தத்தில் உரத்துக் கேட்ட குறைகள். ஆனால் பாதுகாப்பின் திசையிலிருந்து பார்க்கும் எனக்கு அதிகக் கவலை தருவது ‘கலெக்‌ஷன் பேட்டா’. வசூல் கூடினால் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் ஒரு சிறு பங்கு என்னும் இந்த ஏற்பாடு, முன்னே போகும் மினிபஸ்ஸை முந்தி அடுத்த நிறுத்தத்தின் கூட்டத்தைப் பிடிக்கத் தூண்டுகிறது. இலங்கையில் தனியார் பஸ்கள் வசூலுக்காக ஒன்றையொன்று துரத்துவது எல்லாரும் அறிந்த ஆபத்து. இங்கே பங்கு சிறியது, ஆகவே வேகமும் சற்றுக் குறைவு; நோயின் இயல்பு ஒன்றே. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபின், வசூலை வைத்துப் பங்கு கணக்கிடும் முறையே அர்த்தம் குறைந்துபோயிற்று. அந்தச் சந்தர்ப்பத்தில் பேட்டாவை முழுவதுமாகச் சம்பளத்தில் கரைத்திருக்கலாம்.

பாதுகாப்பு என்றதும் அதிகாரிகளுக்கு முதலில் தோன்றுவது பரிசோதனை. 2024 ஏப்ரலில் கேரள டிப்போக்களில் மூச்சுப் பரிசோதனைக் கருவியோடு நடந்த திடீர்ச் சோதனைகளில், இரண்டு வாரத்துக்குள் ஏறத்தாழ 100 ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. குடித்துவிட்டு வண்டியில் ஏறுகிறவனுக்குப் பரிந்து பேச எவரும் இல்லை. ஆனால் 2025 ஜூலையில் பந்தளம் டிப்போவில் பலாச்சுளை தின்றுவிட்டு வந்தவர்கள் கருவியின் முன் குடிகாரர்களாகிப்போன செய்தியைப் படித்துச் சிரிக்காதவர் கேரளத்தில் இல்லை. கருவி மதுவை அளக்கிறது, சில சமயம் பலாப்பழத்தையும் அளக்கிறது; தூக்கமின்மையை அளப்பதே இல்லை. 2020 பிப்ரவரி 20ஆம் தேதி அதிகாலை அவினாசிக்கு அருகில், பெங்களூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு வந்துகொண்டிருந்த கேரளக் கழகத்துப் பஸ்மீது, நடுத்தடுப்பைத் தாண்டி வந்த கண்டெய்னர் லாரி மோதி, கழக ஊழியர்கள் இருவர் உட்பட 19 பேர் இறந்தார்கள். பஸ்ஸின் மேல் பிழை இல்லை. பொதுத்துறை ஓட்டுநரை எவ்வளவு ஒழுங்காக உறங்க வைத்தாலும், எதிரே வரும் தனியார் லாரிக்காரரின் உறக்கமும் அதே சட்டத்துக்குள் வராவிட்டால் பலன் பாதிதான்.

ரயில்வேயிலும் இதே வாதம் வேறு பெயரில் நடக்கிறது. 1979இல் திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே வந்த இருப்புப்பாதை பாறசாலை வழியாகவே போகிறது. அதில் எஞ்சின் ஓட்டும் லோகோ பைலட்டுகள் 2024 ஜூனில் தென்னக ரயில்வேயில் போராட்டம் நடத்தியபோது முன்வைத்த கோரிக்கை பணம் அன்று. வாராந்தர 30 மணி ஓய்வோடு தலைமையிட ஓய்வான 16 மணியையும் சேர்த்து 46 மணி நேரம் தர வேண்டும் என்பதே. சம்பளத்தில் பஸ்காரரைவிடப் பன்மடங்கு உயர்ந்து நிற்கும் தொழிலாளியும் கடைசியில் கேட்பது தூக்கத்தைத்தான் என்பது கவனிக்கத்தக்கது.

வருங்காலத்தில் இந்த உத்தியோகம் எந்தத் திசையில் போகும் என்பதற்குச் சென்னையில் ஓர் அடையாளம் தெரிகிறது. 2025 ஜூன் 30ஆம் தேதி வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிய 120 மின்சார பஸ்களில், வண்டியும் ஓட்டுநரும் தனியார் கம்பெனியைச் சேர்ந்தவை. நடத்துநர் மட்டும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஊழியர். கம்பெனிக்குப் பணம் ஓடிய கிலோமீட்டர்க் கணக்கில் கிடைப்பதால், வசூலுக்காகத் துரத்தும் ஆசை ஓட்டுநருக்கு இல்லை, அது நன்மையே. ஆனால் கிலோமீட்டரைக் கூட்டும் ஆசை கம்பெனிக்கு உண்டு. ஓட்டுநருடைய டியூட்டி எத்தனை மணி, ஓய்வு எங்கே, மிகை நேரத்துக்கு என்ன விகிதம் என்பவற்றைக் கழகத்தின் ஒப்பந்தப் பத்திரம் வரையறுக்கிறதா, வரையறுத்ததைச் சோதிக்கிறவர் யார் என்பவை கேட்கப்பட வேண்டியவை. இந்த முறை நாகர்கோவிலுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் வருவதற்கு முன், டிப்போதோறும் ஓட்டுநர்களின் டியூட்டி நேரமும் ஓய்வு நேரமும் மாதந்தோறும் பலகையில் எழுதப்பட வேண்டும். விபத்து விசாரணைப் படிவத்தில், வண்டியின் பிரேக்கைப் பற்றிய கேள்விக்கு அடுத்த கேள்வியாக, ஓட்டியவர் கடைசியாக எப்போது படுத்தார், அவருடைய கூலி எந்தக் கணக்கில் தரப்படுகிறது என்பவையும் இடம்பெற வேண்டும்.